சிறுத்தையின் சீற்றம்: மறக்கப்பட்ட ஒரு சித்திரத் தொடரின் மறுமதிப்பீடு

ஒரு படைப்பின் தகுதியை அஃது எழுந்த காலத்தார் அதற்கு அளித்த வரவேற்பைக்கொண்டு மட்டிடுதல் எப்பொழுதும் பொருந்துவதன்று. பிறந்த அன்றே போற்றப்பட்டுப் பத்தாண்டுகளுள் மறைந்தொழிந்த நூல்களும் உள. பிறந்த அன்று எவராலும் ஏறெடுத்துப் பார்க்கப்படாமல், பின்னொரு தலைமுறையினரால் தேடியெடுத்துப் படிக்கப்பட்ட நூல்களும் உள. இவ்வுண்மை காவியத்துக்கும் நாவலுக்கும் மட்டுமே உரியதென்று எண்ணுதல் தவறு. கற்றோர் பலர் இலக்கியமென்று ஏற்கவே தயங்கும் சித்திரக்கதைத் துறையிலும் இது நிகழ்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் ‘ஜங்கிள் அக்சன்’ என்னும் சஞ்சிகையில், இதழ்களிற் பொறிக்கப்பட்ட திகதிகளின்படி 1973 செப்தெம்பர் முதல் 1975 நவம்பர் வரை வெளிவந்த ‘பாந்தர்ஸ் றேஜ்’, அதாவது ‘சிறுத்தையின் சீற்றம்’, என்னும் தொடர்கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

சித்திரக்கதை என்றதும் ஆசிரியர்களின் புருவம் நெளிவது இயல்பே. மாணவரின் புத்தகப் பையிலிருந்து பறித்தெடுக்கப்படும் பொருளாகவே அது நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டிலே உளநோய் மருத்துவராகிய பிரெட்றிக் வேர்தம் என்பார், சித்திரக்கதைகள் சிறுவர் மனத்தைக் கெடுக்கின்றன என்று நூலெழுதிக் கண்டித்தார். அதே ஆண்டில் அந்நாட்டுச் செனற் சபையின் குழுவொன்று இதனை விசாரித்தது. பதிப்பாளர்களும் தமக்குத் தாமே ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்துக்கொண்டனர். இச்சூழலில் வளர்ந்த அதிமானுட வீரர் கதைகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தன. வீரன் வருவான், தீயவனோடு பொருவான், இறுதிப் பக்கத்தில் வெல்வான், அடுத்த இதழில் எவ்வித வடுவுமின்றி மீண்டும் தோன்றுவான். இத்தகைய வாய்பாட்டுள் நின்றுகொண்டே அதனை உள்ளிருந்து உடைத்த பெருமை ‘சிறுத்தையின் சீற்ற’த்துக்கு உண்டு.

இக்கதையின் தலைவன் ‘கருஞ்சிறுத்தை’ எனப்படும் டிசாலா. வக்காண்டா என்னும் கற்பனை ஆபிரிக்க நாட்டின் அரசன் இவன். ஸ்டான் லீ, ஜாக் கேர்பி ஆகிய இருவரும் 1966ஆம் ஆண்டு யூலை மாதத் திகதியிட்ட ‘பன்ரஸ்ரிக் போர்’ 52ஆம் இதழில் இவனை அறிமுகஞ் செய்தனர். அமெரிக்கப் பெரும் பதிப்பகங்களின் சித்திரக்கதைகளிலே தோன்றிய முதலாவது கறுப்பின அதிமானுட வீரன் இவனே என்பர். அவ்வாண்டு ஒக்தோபர் மாதத்தில் ஒக்லண்டு நகரிற் கருஞ்சிறுத்தைக் கட்சி தோன்றியது. பெயர் ஒன்றாயினும் கதைத்தலைவன் சில மாதங்கள் முற்பட்டவன். வெளியுலகுக்குக் காடாகத் தோன்றும் வக்காண்டா, உள்ளே விஞ்ஞான வளம் மிக்க நாடு. வைபிரேனியம் என்னும் அரிய உலோகம் அதன் செல்வம். 1968ஆம் ஆண்டில் டிசாலா ‘அவெஞ்சர்ஸ்’ என்னும் வீரர் குழுவிற் சேர்ந்து அமெரிக்காவில் வாழத் தொடங்கினான். நியூ யோர்க்கின் ஹாலெம் பகுதியில் வேறொரு பெயரிற் பாடசாலை ஆசிரியனாகவும் பணியாற்றினான். அயல்நாட்டில் ஆசிரியனாயிருந்த இவ்வரசனின் சொந்த நாடு அக்காலத்தில் என்னவாயிற்று என்று கேட்பார் ஒருவருமிலர். அக்கேள்வியைக் கேட்டவர் டொன் மக்கிறெகர்.

மக்கிறெகர் 1945ஆம் ஆண்டிலே றோட் ஐலண்ட் மாநிலத்திற் பிறந்தவர். மார்வெல் பதிப்பகத்தில் ஒப்புநோக்குநராகப் பணியிலமர்ந்தார். அங்கே அவர் கையில் வந்த ஏடுகளுள் ‘ஜங்கிள் அக்சன்’ ஒன்று. 1972ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட அச்சஞ்சிகை, 1950களில் வெளிவந்த காட்டுக் கதைகளை மறுபதிப்புச் செய்து வந்தது. லோர்னா, ஜான் முதலிய வெள்ளை இனத்தவர் ஆபிரிக்கக் காட்டை ஆள, அம்மண்ணின் மக்கள் அவர்க்கு ஏவல் செய்யும் கதைகள் அவை. அமெரிக்காவிலே சிவில் உரிமைப் போராட்டம் நடந்து முடிந்த பின்னரும் இத்தகைய கதைகளை அச்சிடுதல் நாணத்தக்கதென மக்கிறெகர் பதிப்பகத்தாரிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாகக் கருஞ்சிறுத்தையை அந்தச் சஞ்சிகையின் நாயகனாக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. வெள்ளையர் காட்டை ஆண்ட அதே தாள்களில், 6ஆம் இதழ் தொடக்கம், ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களும் கறுப்பினத்தவராகவே அமைந்த கதை ஒன்று அரங்கேறியது. கேட்டினைச் செய்த ஏட்டிலேயே அக்கேட்டுக்கு மாற்றும் எழுந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

கதையின் போக்கு வருமாறு: பல்லாண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்த டிசாலா, மொனிக்கா லின் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகியுடன் தாய்நாடு திரும்புகின்றான். அவன் முதலிற் காண்பது தன் குடிமகனாகிய முதியவன் ஒருவன் சித்திரவதைக்கு உள்ளாவதை. அம்முதியவன் அரசன் கைகளிலேயே உயிர் துறக்கின்றான். இக்கொடுமையின் பின்னால் நிற்பவன் எரிக் கில்மொங்கர். இளமையில் நாட்டிலிருந்து பறித்தெடுக்கப்பட்டுப் பிறநாட்டில் வளர்ந்து, அரசன் இல்லாத காலத்தில் மீண்டு, நாட்டுப்புறத்தில் தனக்கெனப் படையொன்றைத் திரட்டியவன் அவன். ‘வீரர் அருவி’ என்னுமிடத்தில் இருவரும் பொருகின்றனர். முதல் இதழிலேயே அரசன் தோற்கின்றான். கில்மொங்கர் அவனை அருவியில் வீழ்த்துகின்றான். உயிர் தப்பிய டிசாலா, கில்மொங்கரின் படைத்தலைவர்களைத் தேடி நாட்டின் சதுப்புநிலத்திலும் பனிமலையிலும் முட்காட்டிலும் அலைகின்றான். அரண்மனைக்குள்ளேயும் அமைதியில்லை. இறுதியிற் கில்மொங்கர் தலைநகர் மீது படையெடுக்கின்றான். மீண்டும் அதே அருவியின் விளிம்பில் இருவரும் எதிர்ப்படுகின்றனர்.

இவ்விடத்தில் வாசகன் எதிர்பார்ப்பது அரசனின் வெற்றியை. ஆனால் அரசன் வெல்லவில்லை. இரண்டாம் முறையும் கில்மொங்கரின் கையே ஓங்குகின்றது. அப்பொழுது கந்து என்னும் சிறுவன் ஓடிவந்து கில்மொங்கரை அருவிக்குள் தள்ளிவிடுகின்றான். கில்மொங்கர் விளைத்த கலகத்தில் தந்தையை இழந்த குடியானவனின் மகன் அவன். நாட்டைக் காத்தவன் மன்னனல்லன். மன்னன் காக்கத் தவறிய ஒரு குடும்பத்தின் பிள்ளையே. பதின்மூன்று இதழ்களாக வளர்ந்த கதையின் பொருள் முழுவதும் இவ்வொரு செயலில் வந்து திரள்கின்றது.

இத்தொடரின் முதற் சிறப்பு அதன் அடிப்படைக் கேள்வியிலே தங்கியுள்ளது. தன் நாட்டை விட்டு உலகைக் காக்கச் சென்ற அரசன் தன் குடிகளுக்குக் கடமைப்பட்டவன் அல்லனா? ஏனைய வீரர் கதைகள் இத்தகைய வினாவை எழுப்புவதில்லை. ஏனெனின் அவற்றின் வீரர்களுக்கு நாடென ஒன்றில்லை, நகரமே உண்டு. குடிகளென எவருமில்லை, கூட்டமே உண்டு. மக்கிறெகர் இவ்வினாவைப் பல வாய்களால் எழுப்புகின்றார். படைத்தலைவனாகிய வகாபி அரசனை நேரிலேயே இடித்துரைக்கின்றான். நாட்டுப்புற மக்கள் அரசனை அச்சத்தோடும் ஐயத்தோடும் நோக்குகின்றனர். அயல்நாட்டுப் பெண்ணாகிய மொனிக்காவின் மீது அரண்மனையினர் கொண்ட வெறுப்பும் இதனோடு தொடர்புடையதே. அரசன் தம்மை விட்டு விலகிச் சென்றமைக்கு உயிருள்ள சான்றாக அவளை அவர்கள் காண்கின்றனர். கில்மொங்கர் தீயவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் வேரூன்றுதற்கு ஏற்ற நிலத்தைப் பண்படுத்தி வைத்தது அரசனின் பிரிவே என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

இரண்டாம் சிறப்பு தலைவனைப் படைத்த முறை. காவியத்துக்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டும் என்பது அணிநூலார் கொள்கை. அதிமானுட வீரர் கதைகளும் தம்மை அறியாமலே இவ்விதியைப் பின்பற்றி வந்தன. டிசாலாவோ நிகரற்றவன் அல்லன். அவனினும் வலியவன் கில்மொங்கர். அவன் உடல் ஓநாய்களாற் கடியுண்கின்றது. முட்களில் மாட்டிக் கிழிகின்றது. அவனது கரிய உடை கந்தலாகின்றது. அக்காயங்கள் அடுத்த இதழில் மாயமாய் மறைவதுமில்லை. அவன் நோவுடன் எழுகின்றான், நோவுடன் நடக்கின்றான். வீரம் என்பது வலிமையன்று, வலிமை தீர்ந்த பின்னும் எழுந்து நிற்றலே என்னும் கருத்து இத்தொடரில் எவ்விடத்தும் போதனையாகச் சொல்லப்படவில்லை. வரையப்பட்ட உடலின் வாயிலாகவே உணர்த்தப்படுகின்றது.

துணைப் பாத்திரங்களின் வார்ப்பும் அக்காலச் சித்திரக்கதைகளிற் காண்டற்கரியது. வகாபி போரில் அஞ்சாதவன். வீட்டிலோ தன் மனைவி சந்திராவிடமிருந்து நாளுக்கு நாள் விலகிப்போகின்றான். அவர்களின் இல்லறம் சிதைவது எந்தத் தீயவனின் சூழ்ச்சியாலும் அன்று. கடமை என்ற பெயரில் ஒருவன் தன் வீட்டுக்குக் காட்டும் புறக்கணிப்பால். அரசன் நாட்டுக்குச் செய்ததையே படைத்தலைவன் வீட்டுக்குச் செய்கின்றான் என்னும் ஒப்புமை நுட்பமானது. இவனுக்கு மறுதலையாக நிற்பவன் தாக்கு. மென்மையும் பொறுமையும் வாய்ந்த தாக்கு, சிறைப்பட்ட வெனொம் என்பவனோடு மெல்ல மெல்ல நட்புக் கொள்கின்றான். வெனொம் கில்மொங்கரின் ஆட்களுள் ஒருவன், வெள்ளை அமெரிக்கன், சிதைந்த முகத்தால் மக்களை வெறுத்துப் பாம்புகளோடு பழகியவன். பகைவன் ஒருவனை அடித்து வெல்வது பிற கதைகளின் வழக்கம். அவனருகில் அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்பது இக்கதையின் வழி. வாளால் ஆகாத பணி ஒன்றைத் தாக்குவின் செவி ஆற்றிவிடுகின்றது.

கந்துவின் செயலை வெறும் திருப்பமென்று கொள்வார் இத்தொடரைச் சரிவரப் படித்தவராகார். சிறுவன் ஒருவன் தீயவனை வீழ்த்துதல் சிறுவர் கதைகளிற் புதிதன்று. அங்கே அது விளையாட்டு, வாசகன் கைகொட்டி மகிழ்வான். இங்கு அவ்வாறு மகிழ முடியாது. தந்தையை இழந்த பிள்ளை, தன் கையாலேயே ஓர் உயிரைப் போக்கியவனாகின்றான். அரசன் உயிர் பிழைத்தான். ஆயினும் ஒரு பிள்ளையின் பிள்ளைப் பருவம் அந்த அருவியோடு போயிற்று. வெற்றியும் இழப்பும் ஒரே செயலில் ஒருங்கே அமைந்துள்ளன. போர் முடிந்ததும் கதையை முடித்துவிடாது, 18ஆம் இதழைப் பின்னுரையாக அமைத்து, எஞ்சியோர் சுமக்கும் துயரைக் காட்டியதும் இதனாலேயே போலும்.

எழுத்தாளரை மட்டும் புகழ்ந்து ஓவியரை மறத்தல் சித்திரக்கதைத் திறனாய்வில் நேரும் பெருங்குறை. முதல் மூன்று இதழ்களை வரைந்தவர் றிச் பக்லர். அடுத்த இதழைக் கில் கேன் வரைந்தார். 10ஆம் இதழ் முதல் அப்பொறுப்பை ஏற்றவர் பில்லி கிரகாம். இவர் கறுப்பினக் கலைஞர். 1972ஆம் ஆண்டில் தொடங்கிய ‘லூக் கேஜ்’ கதைகளிலும் பணியாற்றியவர். கறுப்பின மக்களின் முகங்களை ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாக வரைந்துவந்த துறையில், முதுமை, இளமை, அயர்ச்சி, ஏளனம், தாய்மை ஆகியவற்றைத் தனித்தனி முகங்களாக வரைந்து காட்டினார். வகாபியின் முகத்தையும் தாக்குவின் முகத்தையும் எவரும் மாற்றி அறியார். கட்டங்களின் ஒழுங்கைக் கலைத்துப் பக்கம் முழுவதையும் ஒரே காட்சியாக்கி, அதனுள்ளேயே உடலின் வீழ்ச்சியைப் படிப்படியாகக் காட்டும் உத்தியை இவரும் பக்லரும் திறம்படக் கையாண்டனர். இதழ்கள் சிலவற்றில் வக்காண்டாவின் நிலப்படமும் இடம்பெற்றது. அதுவரை ஒரு பெயராக மட்டும் இருந்த நாடு, மலையும் ஆறும் ஊரும் உடைய நாடாக வாசகர் மனத்தில் நிலைகொண்டது.

இனிக் குறைகளையும் கூறுதல் நடுநிலையாகும். மக்கிறெகரின் உரைநடை அடர்த்தி மிக்கது. பல இடங்களில் அளவு கடந்தது. ஓவியம் ஏற்கெனவே உணர்த்திவிட்டதை உரை மீண்டும் விளக்குகின்றது. உவமை மேல் உவமையாக அடுக்கி, அடையின்றிப் பெயரில்லை என்னும்படி எழுதுகின்றார். படம் மூச்சுவிட இடமின்றி எழுத்துப் பெட்டிகள் நெருங்கி நிற்கும் பக்கங்கள் பல. சொற்சுருக்கம் என்பதை அவர் கற்றிலர் என்றே கூறவேண்டும். ஆயினும் அவ்வுரை எதற்காக மிகுகின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். செயலை விவரிக்க அன்று, செய்பவனின் உள்ளத்தைத் திறந்து காட்டவே பெரும்பாலும் அது மிகுகின்றது. அடிபட்டவன் என்ன நினைக்கின்றான் என்று கேட்காத துறையில், அதனை மட்டுமே ஓயாது கேட்டவரின் மிகை அது.

கதையமைப்பிலும் ஒரு பொறித்தன்மை உண்டு. மலிஸ், பேரன் மக்காபர், கிங் கடாவர், சொம்பர், சலமண்டர் குறூல் என அச்சமூட்டும் பெயர்களைத் தாங்கிய படைத்தலைவர்கள் வரிசையாக வந்து போகின்றனர். இதழுக்கொரு பகைவன் வேண்டும் என்னும் சந்தை நியதிக்கு ஆசிரியர் தந்த கப்பம் இதுவென்க. இவர்களுட் பலர் கோரவுருவங்களாக நின்றுவிடுகின்றனரேயன்றி மனிதராக வளரவில்லை. கில்மொங்கருங்கூட வலிமையின் வடிவாகவே பெரும்பாலும் நிற்கின்றான்; அவனது சினத்தின் நியாயம் சுட்டப்படுகின்றதேயன்றி ஆராயப்படவில்லை.

இவை யாவற்றினும் பெரிய குறை, இக்கதை காட்டும் ஆபிரிக்காவைப் பற்றியது. பனிமலையும் சதுப்பும் பாலையும் ஒரு சிறு நாட்டுக்குள் அடங்குகின்றன. ஊழிக்கு முந்திய பெரும்பல்லிகள் அங்கே உயிரோடு உலவுகின்றன. கில்மொங்கர் அவற்றையே படைக்கலமாக்கித் தலைநகர் மீது ஏவுகின்றான். ஆபிரிக்க மண்ணின் உண்மையான மொழி, வழிபாடு, உழவு, உறவுமுறை ஆகியவற்றின் சுவடு மிகக் குறைவு. பாத்திரங்களின் பெயர்களும் ஒலிக்கவர்ச்சிக்காகப் புனையப்பட்டவையே. அமெரிக்க வெள்ளையர் ஒருவர், தாம் எதிர்த்த காட்டுக் கதைகளின் கருவிகள் சிலவற்றைத் தாமும் கையிலெடுத்தே எழுதினார் என்பதை மறுத்தலாகாது. எனினும் அக்கருவிகள் நின்ற இடம் மாறிவிட்டது. முன்னைய கதைகளிற் பெருவிலங்கை அடக்கி அம்மக்களைக் காப்பவன் வெள்ளையன். இங்கு ஆள்பவர், எதிர்ப்பவர், ஐயுறுபவர், காதலிப்பவர், தவறுபவர், மன்னிப்பவர் அனைவரும் அம்மண்ணின் மக்களே. கதையில் வெள்ளையர் எங்கே என்று பதிப்பகத்தில் தம்மிடம் வினவப்பட்டதாக மக்கிறெகர் பிற்காலத்துச் செவ்விகளிற் கூறியுள்ளார். அவ்வினாவே அன்றைய நிலைமையை உணர்த்தப் போதியது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த தொடர் ஏன் கவனிக்கப்படாது போயிற்று? முதற் காரணம் அது வெளிவந்த முறை. இரு மாதத்துக்கு ஒரு முறை, சில பக்கங்களாக, மெல்லிய மலிவுத் தாளில் வந்த கதை அது. 1973இல் தொடங்கிய கதையின் முடிவைக் காண வாசகன் இரண்டாண்டுக்கு மேற் காத்திருக்க நேர்ந்தது. அன்றைய சிறு கடைகளில் ஓரிதழ் கிடைத்தால் அடுத்த இதழ் கிடைக்கும் என்ற உறுதியில்லை. ஒவ்வோர் இதழும் தனித்து நிறைவுறும் கதையாக இருந்த சந்தையில், பதின்மூன்று இதழ்களும் சேர்ந்தாலன்றிப் பொருள் நிறைவுறாத கதையை எழுதுதல் துணிவான செயல். விற்பனை நோக்கில் விவேகமற்றதும் ஆகும். இரண்டாவது காரணம் அச்சஞ்சிகையின் பெயர். காட்டுக் கதைகளை விரும்பியோர்க்கு இஃது உவக்கவில்லை. இதனை விரும்பக்கூடியோர் அப்பெயரைக் கண்டு ஏட்டைக் கையிலெடுக்கவில்லை.

அடுத்த தொடரின் கதி இன்னும் வருந்தத்தக்கது. 19ஆம் இதழ் முதல் மக்கிறெகர் தலைவனை அமெரிக்கத் தென்மாநிலமாகிய யோர்ஜியாவுக்கு, மொனிக்காவின் பிறந்தகத்துக்கு, அழைத்துச் சென்றார். அங்கே அவள் சகோதரியின் கொலையை ஆராயப் புகுந்த டிசாலா, கூ கிளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டத்தை எதிர்கொள்கின்றான். கற்பனை நாட்டிற் சொல்லிய உண்மையை மெய்யான நாட்டிலும் சொல்ல முற்பட்ட அத்தொடர் நிறைவுறவில்லை. 1976ஆம் ஆண்டு நவம்பர்த் திகதியிட்ட 24ஆம் இதழுடன் சஞ்சிகையே நின்றது. 1977 யனவரியில் ஜாக் கேர்பியின் கையில் புதிய ‘கருஞ்சிறுத்தை’ வெளிவந்தது. அது பழைய கதையின் இழையைத் தொடவேயில்லை. சந்திரா, தாக்கு, கந்து அனைவரும் ஒரே நாளிற் காணாமற் போயினர்.

ஆனால் சிலர் மறக்கவில்லை. இச்சஞ்சிகைக்குக் கடிதம் எழுதிய வாசகர் தொகை சிறிதாயினும் அவர்தம் பற்று ஆழமானது. றல்ப் மக்கியோ என்னும் வாசகர் பின்னர் மார்வெல் பதிப்பகத்திலேயே பதிப்பாசிரியரானார். மக்கிறெகரின் எழுத்தில் ஈடுபாடு கொண்ட டீன் முல்லேனி, தாமே பதிப்பகம் நிறுவி, 1978இல் அவரது ‘சேபர்’ என்னும் சித்திர நாவலை வெளியிட்டார். 1993இல் கறுப்பினக் கலைஞர்களின் ‘மைல்ஸ்ரோன்’ பதிப்பகத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகிய டுவேன் மக்டபி, இளமையில் இத்தொடர் தம் உள்ளத்தை எவ்வாறு ஆட்கொண்டது என்பதைப் பிற்காலத்தில் எழுதினார். உரிய மதிப்புப் பெறாத உயர்ந்த படைப்பு இதுவென்பதே அவர் கணிப்பு. பல்லாயிரவர் படித்து மறந்த நூலினும், சிலர் படித்து அவருள் ஒருவர் தம் வாழ்க்கைப் பணியைக் கண்டுகொண்ட நூல் மேலானதன்றோ?

தொகுப்புகள் காலந்தாழ்த்தே வந்தன. 2010ஆம் ஆண்டில் இவ்விதழ்கள் கெட்டி அட்டைத் தொகுதியாகவும், 2016இல் மலிவுத் தொகுதியாகவும் வெளிவந்தன. 2022இல் பென்குயின் பதிப்பகம், பேரிலக்கியங்களுக்கென்றே வகுத்த தன் ‘கிளாசிக்ஸ்’ வரிசையில் கருஞ்சிறுத்தைத் தொகுதி ஒன்றைச் சேர்த்தது. அதன் பெரும்பகுதி மக்கிறெகரின் கதைகளே. மலிவுத் தாளிற் சில சதங்களுக்கு விற்ற கதை, பேரிலக்கியங்களோடு ஒரே தட்டில் வைக்கப்படுதற்கு ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் சென்றன. ஒரே மூச்சிற் படிக்க இயன்ற பின்னரே இதன் கட்டுக்கோப்பும் புலனாயிற்று. முதல் இதழிற் கண்ட அருவி இறுதியில் மீளுதலும், முதியவனின் மரணத்திற் தொடங்கிய கதை சிறுவனின் செயலில் முடிதலும் தற்செயல் அல்ல, திட்டமிட்ட அமைப்பு.

இப்புகழுக்குக் காரணம் 2018ஆம் ஆண்டிலே றையன் கூக்ளர் நெறிப்படுத்திய ‘பிளாக் பாந்தர்’ திரைப்படமே என்று கூறுவாருமுளர். அப்படம் நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. மூன்று ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. கில்மொங்கரும் வீரர் அருவியும் இத்தொடரிலிருந்தே அதற்குச் சென்றனர். ஆகவே படத்தின் ஒளியால் மூலமும் மிளிர்கின்றது என்பதில் உண்மையுண்டு. ஆனால் வழித்தோன்றலின் பெருமையைக் கொண்டு முன்னோரை மதிப்பிடுதல் திறனாய்வாகாது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதலே முறை.

அவ்வாறு நோக்குங்கால், கில்மொங்கரின் பாத்திரத்திற் படம் மூலத்தை விஞ்சுகின்றது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மைக்கல் பி. ஜோர்டன் நடித்த கில்மொங்கருக்கு ஒரு வழக்கு உண்டு. உலகெங்கும் கறுப்பின மக்கள் துன்புற்ற காலத்தில் வக்காண்டா ஏன் ஒளிந்திருந்தது என்று அவன் கேட்கும் கேள்விக்கு எளிதில் விடையில்லை. மூலத்தில் இவ்வளவு கூர்மையான வழக்கு அவனுக்குத் தரப்படவில்லை. ஆனால் படத்தில் இறுதிப் போர் இரு அரசவழியினரிடையே நிகழ்கின்றது. அரசன் தன் கையாலேயே பகைவனை வீழ்த்துகின்றான். மூலத்திலோ அத்தீர்ப்பை வழங்குவது குடியானவன் மகனின் கை. படம் ‘நாடு உலகுக்குச் செய்யவேண்டிய கடமை யாது?’ என்று கேட்கின்றது. மூலம் ‘அரசன் தன் நாட்டின் கடைசிக் குடிசைக்குச் செய்யவேண்டிய கடமை யாது?’ என்று கேட்கின்றது. முன்னையது பரந்த வினா. பின்னையது நெருங்கிய வினா. திரைப்படம் அருவியை எடுத்துக்கொண்டது, பகைவனை எடுத்துக்கொண்டது, கந்துவை விட்டுவிட்டது. மூலத்தை இன்றும் படிக்கவேண்டிய தேவை அந்த விடுபட்ட இடத்திலேதான் உள்ளது.

தொகுத்து நோக்கின், ‘சிறுத்தையின் சீற்றம்’ குறையற்ற படைப்பன்று. அதன் உரை மிகையானது. அதன் ஆபிரிக்கா பெரும்பாலும் புனைவானது. அதன் தீயோர் பலர் வெறும் வேடங்களே. ஆயினும் இழிந்ததெனக் கருதப்பட்ட ஒரு வடிவத்தை எடுத்து, அதனுள் நீண்ட கதையொன்றை ஒருமை கெடாது அமைத்து, ஆள்வோனின் பொறுப்பு, போரின் விலை, இல்லறத்தின் தேய்வு, பகைவனோடு கொள்ளும் நட்பு ஆகிய பொருள்களைச் சிறுவரும் படிக்கும் ஏட்டிலே வைத்தமை சிறிய சாதனையன்று. வாசகன் சிறுவனாயினும் அவனை அறிவுடையவனாக மதித்து எழுதிய எழுத்து இது. அம்மதிப்பை அன்றைய சந்தை திருப்பி அளிக்கவில்லை.

படைப்பின் வடிவத்தைக் கண்ட மாத்திரத்தே அதன் தகுதியைத் தீர்மானிக்கும் பழக்கம் கற்றோரிடம் மிகுதி. தாளின் மலிவும் வண்ணத்தின் மிகையும் சஞ்சிகையின் பெயரும் அக்காலத்தவரின் கண்ணை மறைத்தன. உள்ளே ஓர் அரசன் தன் குடிகளிடம் தலைகுனிந்து நிற்பதை அவர்கள் காணவில்லை. அடுத்த முறை ஒரு மாணவனின் பையிலிருந்து வண்ண ஏடொன்றைப் பறிக்க நேரும்போது, பறித்தபின் அதனைப் படித்துப் பார்ப்பதும் ஆசிரியர் கடனேயாம்.